திரும்பி வந்த கழிவுநீர்

1933 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆந் தேதி, அமெரிக்காவின் சிக்காகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரை ஓரமாக ஒரு மாபெரும் பொருட்காட்சி திறந்துவைக்கப்பட்டது. சிக்காகோ ஓர் ஊராக அமைக்கப்பட்டு நூறு ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடுமுகமாக அது நடைபெற்றது. முன்னேற்றத்தின் நூற்றாண்டு என்பது அதற்கு இட்ட பெயர். விஞ்ஞானம் மனிதனுக்கு ஈந்த வசதிகளையெல்லாம் ஓரிடத்திற் கூட்டிக் காட்டுவதே நோக்கம். உலகெங்கும் பொருளாதாரம் சரிந்து, வேலையற்றோர் தொகை பெருகியிருந்த காலம் அது. ஆயினும் மக்கள் திரண்டு வந்தனர். 1933, 1934 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்பொருட்காட்சிக்கு வந்தோர் தொகை 4 கோடி 80 இலட்சத்துக்கு மேல் எனப் பதிவாகியுள்ளது.

வந்தவர்கள் தங்குவதற்கு நகரின் பெருவிடுதிகள் காத்திருந்தன. அவற்றுள் இரண்டு மிச்சிகன் சாலையில், ஒரு குறுக்குத் தெருவின் இருபுறத்தும் அமைந்தவை. ஒன்று 1889 இல் திறக்கப்பட்ட ஓடிற்றோரியம் கட்டடத்தில் இருந்த விடுதி. மற்றது 1893 இல் அந்நகரில் நடந்த முந்திய உலகப் பொருட்காட்சிக்கு வருவோருக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் கொங்கிரஸ் விடுதி எனப் பெயர் பெற்றது. சலவைக்கல்லும் சித்திர வேலையும் நிறைந்த மண்டபங்கள். தெருவைக் கடந்து செல்லத் தரைக்குக் கீழே ஓர் அழகிய சுரங்கப் பாதை. அறைகளிற் குளிர்ந்த குடிநீர். விருந்தினர் கண்ட பகுதி இது. அவர்கள் காணாத பகுதி சுவர்களுக்குள்ளும் நிலவறையிலும் இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் துருவேறிய குழாய்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சென்றன.

பொருட்காட்சியைக் கண்டு களித்தோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். இரண்டு கிழமை, மூன்று கிழமை, சிலருக்கு ஒரு மாதம் கழிந்த பின்னர், வயிற்றுவலியும் இரத்தங் கலந்த பேதியும் கண்டன. ஒரே ஊரில் நூறு பேர் ஒருங்கே நோயுற்றிருந்தால் வைத்தியர்கள் உடனே விழித்திருப்பர். இங்கோ ஓர் ஊரில் ஒருவர், வேறோர் ஊரில் இருவர் என நோயாளர் நாடெங்குஞ் சிதறியிருந்தனர். தத்தம் ஊரில் ஒரு நோயாளியை மட்டும் கண்ட வைத்தியருக்கு, அவர் எந்த விடுதியில் எப்போது தங்கினார் என வினவுவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

அதைவிடப் பெரியதொரு தடை வைத்தியர்களின் மனத்தில் இருந்தது. நோய் அமீபா வயிற்றளைச்சல். அதை விளைவிக்கும் நுண்ணுயிரை 1875 இல் ருஷிய நாட்டின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில், குளிர் மிகுந்த ஒரு வடதிசை நகரிலேதான், லொஷ் என்னும் வைத்தியர் முதன்முதலாக விவரித்திருந்தார். இருந்தும் அது வெப்ப நாடுகளுக்கே உரிய பிணி, இந்தியாவிலும் இலங்கையிலும் பிலிப்பைன் தீவுகளிலும் காண்பது என்னும் எண்ணம் மேல்நாட்டு வைத்தியரிடையே வேரூன்றியிருந்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஓர் ஆஸ்பத்திரி வைத்தியர் முதலில் ஐயுற்றிருக்கக்கூடிய ஒன்றை அவர்கள் கடைசியாகவே ஐயுற்றனர். பலருக்குக் குடல்வால் அழற்சி என்றும், வேறு குடற்புண் என்றும் முடிவு கூறப்பட்டது. சிலருக்கு வயிற்றைக் கீறி அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அமீபாவினாற் புண்பட்டுக் கடுதாசிபோல் மெலிந்திருக்கும் குடலில் கத்தி வைப்பது உயிருக்கே உலை. எமெற்றீன் என்னும் மருந்து அக்காலத்திலேயே வைத்தியர் கையில் இருந்தது. நோயை இனங்கண்டவர்கள் அதனைக் கொடுத்தனர். ஆகவே இறந்தவர்களுட் பலர் மருந்தில்லாமல் இறந்தவரல்லர். பெயர் தெரியாமல் இறந்தவர்கள்.

ஆகஸ்து மாதத்திலேயே முதல் நோயாளர் பற்றிய செய்தி சிக்காகோவின் சுகாதாரப் பகுதிக்கு எட்டியிருந்தது. நாட்டு மக்களுக்கு அது பரவலாக அறிவிக்கப்பட்டது நவம்பர் மாதத்திலேதான். பொருட்காட்சியின் முதலாண்டு நவம்பர் 12 ஆந் தேதியுடன் முடிவடைந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பலர் அப்போதே குறை கூறினர். தவறான பீதியைக் கிளப்பக்கூடாதென அதிகாரிகள் எண்ணியிருக்கலாம். ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் எங்கோ ஒரு சிற்றூரில் அறுவைச் சிகிச்சை மேசையிற் கிடந்த நோயாளிக்கு அந்தக் கிழமைகள் விலைமதிப்பற்றவை. புகழ்பெற்ற மேடைக் கலைஞராகிய ரெக்சாஸ் கைனன் என்னும் பெண்மணி அக்கோடையிற் சிக்காகோவில் நிகழ்ச்சிகள் நடத்தியபின், நவம்பர் 5 ஆந் தேதி கனடாவின் வன்கூவர் நகரில் இந்நோயினால் இறந்தார். முடிவிற் கணக்கெடுத்தபோது நோயுற்றோர் 1,409 பேர். இறந்தோர் 98 பேர்.

முதலிற் குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் சமையலறைத் தொழிலாளரும் பரிமாறுவோருமே. எங்கும் அதுதானே வழக்கம். அவர்களது மலத்தைச் சோதித்தபோது பலரிடத்தில் அமீபா இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இதுவே காரணம் எனக் கருதப்பட்டது. இன்றைய அறிவு கொண்டு நோக்கினால் அச்சோதனை அத்துணை உறுதியானதன்று. நோய் விளைவிக்கும் அமீபாவும், தீங்கற்ற வேறோர் அமீபாவும் நுணுக்குக் காட்டியில் ஒரே உருவாகத் தெரியும். இவை இரு வேறு இனங்கள் என்று 1925 இலேயே பிரம்ப் என்னும் பிரெஞ்சு அறிஞர் கூறினார். அது பலராலும் ஏற்கப்பட்டு நிலைபெற்றது 1993 இல். எனவே பழி சுமந்த தொழிலாளருட் சிலரேனும் குற்றமற்ற ஓர் உயிரையே வயிற்றிற் சுமந்திருக்கக்கூடும். மேலும் அவர்களிற் பலர் தாமும் அதே விடுதியின் நீரைக் குடித்து நோய் வாங்கியவர்களே.

பின்னர் ஆராய்ச்சியாளர் தட்டையும் கரண்டியையும் விட்டு நிலவறைக்குள் இறங்கினர். அங்கேயே விடை கிடைத்தது. இரண்டு விடுதிகளின் நீர் ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருந்தன. குடிநீரைக் குளிரவைக்கும் தொட்டிக்கு மேலாக இற்றுப்போன கழிவுநீர்க் குழாய் சென்றது. அதன் கசிவு கீழே விழ இடமிருந்தது. அக்கோடையிற் பெய்த கனமழையின்போது கட்டடத்தின் தலைமைக் கழிவுக் குழாய் தாங்கமுடியாமல் உடைந்து, நிலவறைக்குள் மலநீர் பாய்ந்தது. குளியற் தொட்டி, மலசலகூடம் ஆகியவற்றின் நீர் நல்ல நீர்க் குழாய்க்குள் திரும்பி உறிஞ்சப்படத்தக்க இணைப்புக்களும் காணப்பட்டன. நகரசபை வழங்கிய நீர் தூய்மையானதாகவே விடுதியின் வாயில்வரை வந்தது. வாயிலைக் கடந்த பின்னரே அது கெட்டது. சாதாரணமாகக் குடிநீருக்கு இடப்படும் குளோரீன் அமீபாவின் உறையிட்ட வடிவத்தைக் கொல்லப் போதாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

வெளியே ஓடவேண்டிய நீர் ஏன் வீட்டுக்குள் திரும்புகின்றது? நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செல்லும் என்பது சிறுவரும் அறிந்தது. கழிவுநீர்க் குழாயின் தத்துவம் முழுவதும் அவ்வளவே. வீட்டுக் குழாய்க்குள் விசைப்பொறி எதுவுமில்லை. சரிவு ஒன்றே அதனை ஓட்டுகின்றது. 4 அங்குலக் குழாய் 40 அடி நீளத்துக்கு ஓர் அடி இறங்கவேண்டும், 6 அங்குலக் குழாய் 60 அடிக்கு ஓர் அடி இறங்கவேண்டும் என்பது பழைய குழாய்வேலைக்காரர் கைக்கொண்ட கணக்கு. செக்கனுக்கு ஏறக்குறைய 2 அடி வேகத்தில் ஓடினாலே நீர் தன்னோடு வரும் திண்பொருளையும் இழுத்துச் செல்லும். சரிவு குறைந்தால் திண்பொருள் படியும். மட்குழாயின் பொருத்து ஒன்று விலகினால் அதனூடாக ஈரத்தைத் தேடி மரவேர் நுழையும்; மண்ணும் விழும். சமையலறையிலிருந்து வரும் கொழுப்பு அங்கே ஒட்டி இறுகும். ஒரு நாள் வழி முற்றாய் அடைபடும்.

அடைபட்ட நாளில் நிகழ்வது எளிது. மேலிருந்து வரும் நீர் குழாய்க்குள்ளேயே தேங்கி உயர்கின்றது. உயர்ந்து உயர்ந்து எந்த வாய் எல்லாவற்றிலும் தாழ்வாகத் திறந்திருக்கின்றதோ, அதன் வழியாக வெளிவருகின்றது. அவ்வாய் பெரும்பாலும் கீழ்த்தளத்துக் குளியலறையின் தரைத் துவாரமாகும். தொடர்மாடிகளிற் குடியிருப்போரிடையே இதனால் விளையும் மனத்தாங்கல்கள் பலரும் அறிந்தவை. நாலாம் மாடியில் உள்ளவர் தம் வீட்டில் ஒரு குறையுங் காணார். அவர் இழுத்துவிட்ட நீர் கீழ்வீட்டுக் குளியலறையிற் பொங்குகின்றது. கீழே இருப்பவர் முறையிட, மேலே இருப்பவர் நம்பமறுக்க, இருவருக்கும் பொதுவான குழாயைத் திருத்துவது எவர் பொறுப்பென்ற வழக்கு மாதக்கணக்கில் நீள்கின்றது. குழாயோ அதுவரை பொறுத்திருப்பதில்லை.

வீட்டுக் குழாய் செவ்வனே இருந்தும் தெருவின் பெருங்குழாய் நிரம்பிவிட்டால் அதே விளைவுதான். இங்கேதான் சிக்காகோவின் நிலஅமைப்பு முக்கியமாகின்றது. அது ஏரிக்கரைச் சதுப்பில் எழுந்த நகரம். சரிவு என்பதே அங்கு அரிது. 1855 இல் கழிவுநீர்ப் பணிக்குப் பொறுப்பேற்ற செஸ்பிரோ என்னும் பொறியியலாளர் நிலத்தைத் தோண்டிக் குழாய் புதைப்பதை விடுத்து, குழாயை நிலத்தின்மேல் வைத்து, அதற்கு மேலே மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்தினார். தெரு உயர்ந்தபின் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. எனவே அவற்றையும் திருகுயர்த்திகள் கொண்டு கொஞ்சங் கொஞ்சமாகத் தூக்கினர். 1861 இல் திரெமொன்ற் என்னும் ஆறுமாடி விடுதி இவ்வாறு உயர்த்தப்பட்டது. அம்முயற்சியைக் கேட்போர் இன்றும் வியப்பர்.

ஆனால் அக்குழாய்கள் மழைநீருக்கும் மலநீருக்கும் ஒன்றாகவே அமைக்கப்பட்டவை. சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட அந்த முடிவின் விலையை அந்நகரம் 150 ஆண்டுகளுக்கு மேலாகச் செலுத்தி வருகின்றது. முதலிற் கழிவுநீர் ஆற்றின் வழியாக ஏரிக்குச் சென்றது. குடிநீரும் அதே ஏரியிலிருந்து வந்தது. அதனைத் தவிர்க்க 28 மைல் நீளமான கால்வாய் வெட்டி, 1900 ஆம் ஆண்டு சனவரியில் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்புறந் திருப்பினர். ஏரி காப்பாற்றப்பட்டது. நிலவறைகள் காப்பாற்றப்படவில்லை. பெருமழையிற் குழாய் நிரம்பினால் நீர் வீடுகளுக்குள் ஏறியது. 1975 இல் ஆழ்சுரங்கத் திட்டம் தொடங்கப்பட்டது. தரைக்கு நூற்றைம்பது முதல் முந்நூறு அடி வரை கீழே பாறையைக் குடைந்து, சிலவிடங்களில் 33 அடி அகலமாக, மொத்தம் 109 மைல் நீளச் சுரங்கங்கள் அமைக்கப்பட்டன. அவை 2006 இல் நிறைவுற்றன. மிகுந்த நீரைத் தேக்குவதற்குரிய பெருநீர்த்தேக்கங்கள் பின்னும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. இத்தனைக்கும் பின்னர், 2023 யூலைத் தொடக்கத்திற் பெய்த பெருமழையில் நகரின் மேற்குப் பகுதியில் நிலவறைகள் பல மீண்டும் நிரம்பின.

ஆகையால் அங்குள்ள வீட்டுக்காரர் அரசாங்கத்தின் சுரங்கத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. சிலர் நிலவறைத் துவாரத்தில் மூன்று நான்கு அடி உயரமான ஒரு குழாயைச் செங்குத்தாகப் பொருத்துகின்றனர். தெருக்குழாயின் நீர் அக்குழாய்க்குள் ஏறி நிற்கும், தரையிற் பரவாது. மலிவான உபாயம், ஆனால் தரைக்குக் கீழுள்ள பழங்குழாய் அந்த அழுத்தத்தால் வெடித்தால் தரையே பிளக்கும். வேறு சிலர் ஒருவழி வால்வு வைக்கின்றனர். அது வெளியே செல்லும் நீரை விடும். திரும்பும் நீரைத் தடுக்கும். இதனை வைத்தவர்கள் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. கதவு மூடியிருக்கும் வேளையில் வீட்டு நீருக்கும் வழியில்லை. மழை கொட்டும்போது வால்வு காக்குமென்று நம்பித் துணிதுவைத்தவர், தெரு நீரினாலன்றித் தம் வீட்டு நீரினாலேயே நிலவறையை நிரப்பிக்கொள்வார். ஒரு துண்டுத் துணியோ கொழுப்புக் கட்டியோ அக்கதவினிடையே அகப்பட்டாலும் அது மூடாது. ஆதலால் ஆண்டுக்கொரு தரமாவது திறந்து துடைக்கவேண்டும். எல்லாவற்றினும் நம்பத்தக்கது வீட்டுக் கழிவுக் குழாயை நிலவறையின் கூரைமட்டத்துக்கு உயர்த்தி, நிலவறையின் நீரை மட்டும் பம்பினால் மேலே ஏற்றி அனுப்புவதாகும். செலவும் அதற்கேற்பப் பெரிது.

விடுதிகளில் நல்ல நீரைக் கெடுத்த மற்றைய வழி, உறிஞ்சல், இன்னும் நுட்பமானது. ஒரே நேரத்திற் கீழ்மாடிகளிற் பல குழாய்கள் திறக்கப்பட்டால் மேல்மாடிக் குழாயில் அழுத்தம் வீழ்ந்து, அது நீரைக் கொடுப்பதற்குப் பதிலாக உள்ளிழுக்கத் தொடங்கும். குழாயின் வாய் அழுக்குநீருக்குள் அமிழ்ந்திருந்தால் அவ்வழுக்கே குடிநீரிற் கலக்கும். பரிகாரம் மிக எளிது. குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கவேண்டும். இடையில் வெற்றிடமாகக் காற்று இருக்கவேண்டும். சிக்காகோ அனர்த்தத்தின் பின்னர் கட்டடச் சட்டங்கள் இவ்விதியில் இறுக்கம் காட்டின. நீர்க்குழாயில் இணைத்த றப்பர்க் குழாயின் நுனியைத் துணி ஊறும் வாளிக்குள் அமிழ்த்திவிட்டுச் செல்லும் பழக்கம் இலங்கை வீடுகளிலும் உண்டு. நீர்வெட்டு நேரும் நாட்களில் அந்த வாளி நீர் எங்கு செல்லும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களின் பழைய பகுதி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியர் ஆட்சியில் இடப்பட்டது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குட் செல்லும் குழாய்வழிகள் நகரின் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. தனி வீடுகளுக்கென அளவிட்ட தெருக்களில் இன்று மாடிமேல் மாடியாகக் கட்டடங்கள் எழுந்துள்ளன. தரைக்குக் கீழே பழைய குழாய்கள் இன்னும் வேலை செய்கின்றன. யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. அங்கு நகரத்துக்குப் பொதுவான கழிவுநீர்க் குழாய் அமைப்பே இருந்ததில்லை; ஒவ்வொரு வளவுக்கும் ஒரு மலக்குழி, ஒரு கிணறு. அங்கே கழிவுநீர் பொங்கி மேலே வந்து தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணக்கல்லினூடாகச் சத்தமின்றிக் கீழிறங்கி, பக்கத்து வளவுக் கிணற்றுக்குச் சென்றுவிடுகின்றது. கொழும்பில் மூக்கு அறிவிப்பதை யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடமே அறிவிக்கவேண்டியுள்ளது. கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அமீபா மடியும். உரத்தினாலும் மலக்குழியினாலும் சேரும் நைத்திரேற்று மடியாது. கொதிக்கக் கொதிக்கச் செறிவே கூடும்.

கழிவுநீர் திரும்புமுன் குழாய் சில அறிகுறிகளைத் தருகின்றது. கைகழுவும் தொட்டியில் நீர் விட்டால் மலசலகூடத்திற் களகளவென்று ஒலி எழும். தரைத் துவாரத்தில் நீர் மெல்ல ஏறி மெல்ல வடியும். ஒரு துவாரம் மட்டும் வடியாவிடின் தடை அதன் அருகில். எல்லாம் ஒருங்கே வடியாவிடின் தடை தலைமைக் குழாயில். அப்போது முதற் செய்யத்தக்கது வீட்டிலும் மேல்மாடிகளிலும் நீர்ப்பாவனையை நிறுத்துவது. நீர் ஏறிய தளத்துக்குள் இறங்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். மலநீர் பட்ட உணவை, மூடிய பொதியாயினும், எறிந்துவிடுதல் நன்று. கிணறு அருகிலிருப்பின் அதனை இறைத்துக் குளோரீன் இட்டுச் சோதிக்கும்வரை குடித்தலாகாது.

வெளியே மேன்ஹோல் எனப்படும் ஆள்நுழை குழியின் மூடியை விலக்கி எட்ட நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். குழி நிறைந்திருந்தால் தடை தெருப்பக்கத்தில். வெறுமையாக இருந்தால் தடை வீட்டுக்கும் குழிக்கும் இடையில். பார்ப்பதோடு நின்றுவிடவேண்டும். குழிக்குள் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு தேங்கியிருக்கும். அது முதலிற் கூழ்முட்டை நாற்றமாகத் தெரியும். செறிவு மிகும்போது மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்று இறங்கியவரும், அவர் விழுந்ததைக் கண்டு தூக்க இறங்கியவரும் ஒருங்கே மாண்ட நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. நீண்ட கம்புகளை ஒன்றோடொன்று பொருத்தித் தரையில் நின்றபடியே தடையை நீக்கும் கருவிகள் நகரசபைத் தொழிலாளரிடம் உண்டு. அவர்கள் வரும்வரை மூடியை மீண்டும் இட்டு, சிறுவர் அணுகாதபடி காவல் வைத்தல் போதும்.